இறங்காமல் இரங்கல்

உலகத்தில் உயரமான நகரங்கள் உண்டு, பழமையான நகரங்கள் உண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நகரங்களும் உண்டு. அவற்றைப் பெற்றெடுக்க எந்த நாட்டாலும் முடியும். முழுமையான ஒரு சராசரி நகரத்தைப் பெற்றெடுக்க மட்டும் ஒரு தேசம் தவமிருக்க வேண்டும். அமெரிக்கா இருந்தது. அயோவா மாநிலத்தின் சோள வயல்களுக்கு நடுவே, எந்த நெடுஞ்சாலைக்கும் ரொம்பப் பக்கமும் இல்லாமல் ரொம்பத் தூரமும் இல்லாமல் மெரிடன் ஃபால்ஸ் உதித்தது.

பெயரில் அருவி இருக்கிறது, ஊரில் இல்லை. முன்பு ஒன்று இருந்தது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அதையே மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டிவிட்டார்கள். இப்போது இடம் தாராளமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் மழை அளவோடு பெய்யும். மேயர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. எங்கள் பேஸ்பால் அணி பாதி ஆட்டங்களில் ஜெயிக்கும், பாதியில் தோற்கும். ஒரு வருடம் கைதவறிக் கூடுதலாக ஜெயித்துவிட்டதற்குப் பயிற்சியாளர் வானொலியில் வருத்தம் தெரிவித்தார்.

இந்த மகத்தான நடுத்தரத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். நாடு முழுவதும் எதையாவது விற்பதற்கு முன் அதை எங்களிடம் கொண்டுவந்து தருவார்கள். எங்களுக்குப் பிடித்தால் நாட்டுக்கே பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. பன்றி இறைச்சி மணக்கும் பற்பசை, முழங்கால் வைக்க இடமில்லாத விமான இருக்கை, 'ஒன்றை அழுத்தவும்' என்று ஆரம்பித்துக் கடைசிவரை எந்த மனிதரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்காத தொலைபேசிக் குரல் எல்லாம் எங்கள் ஊரில் தேறிய பிறகே உலகத்தைப் பார்த்தன. இன்றுவரை ஒரு பொருளைக்கூட நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

காரணம், எங்கள் பண்பு. எதிரே நிற்பவர் முகம் வாடும்படி ஒரு வார்த்தை சொல்வது மெரிடன் ஃபால்ஸில் வழக்கமில்லை. அருமையாக இருந்தால் "மோசமில்லை" என்போம். வாயில் வைக்க முடியாவிட்டாலும் "மோசமில்லை" என்போம். ஒரு முறை சூறாவளி வந்து டுவெய்ன் ஸ்லோட்டின் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"எப்படி உணர்றீங்க, ஐயா?"

"வீடு நல்லாக் காத்தோட்டமா இருக்கு," என்றார் டுவெய்ன். "குறை சொல்ல முடியாது."

அந்தப் பேட்டியை நகராட்சி இன்றும் பள்ளிகளில் போட்டுக் காட்டுகிறது.

இவ்வளவு சிறப்பையும் காப்பாற்றவென்றே நகராட்சியில் 'சராசரிப் பாதுகாப்புத் துறை' என்று ஒன்று இருக்கிறது. அதன் இயக்குநர் கேண்டஸ் ரூல்மன், சிரித்த முகம் மாறாத அம்மையார். அவருடைய துறை அலசி ஆராய்ந்து, ஓர்வில் டைக்ஸ்ட்ரா என்பவரை ஊரின் 'நடுக் குடிமகன்' என்று அறிவித்திருந்தது. டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரம், எடை, காலணி அளவு, கருத்துகள் எல்லாமே நடு.

அவருடைய மனைவி லவோன் மட்டும் நடுவில் அடங்கவில்லை. சத்தமாகச் சிரிப்பாள். கம்பெனிக்காரர்கள் கொடுத்ததைத் தின்றுபார்த்துவிட்டு "நல்லாவே இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லவும் சொல்வாள். ஆனால் அவளும் மெரிடன் ஃபால்ஸில் பிறந்தவள்தான். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வாள்.

லவோனுக்கு இன்னொரு பெருமை உண்டு. ஊரில் யார் இறந்தாலும், அடக்கம் முடிந்ததும் சர்ச்சுக்குக் கீழே இருக்கும் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த பன்னும், பாலாடைக் கட்டியும் பாலேடும் சேர்த்துச் சுட்ட உருளைக்கிழங்கும். அந்த உருளைக்கிழங்கு லவோன் கைப்பக்குவம். மேலே கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கி வெண்ணெயில் புரட்டித் தூவியிருப்பாள். அழுதுகொண்டு படியிறங்கியவர்கள் இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். பாதி ஊரை அப்படித்தான் வழியனுப்பினாள்.

நவம்பர் மாதம் அவள் மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஓர்வில்லைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இந்த ஊர்ல செத்தவங்க எல்லாருக்கும் நான் உருளைக்கிழங்கு சுட்டிருக்கேன். எனக்கும் ஒருத்தி சுடட்டும். மார்லிஸ்கிட்டச் சொல்லு. ஆனா அவ கை கொஞ்சம் இறுக்கம். கார்ன்ஃப்ளேக்ஸ் தாராளமாப் போடறாளான்னு நீ பக்கத்துல நின்னு பாத்துக்க."

"பாத்துக்கறேன்."

"எல்லாரும் கீழ் கூடத்துல ஒண்ணா உக்காந்து சூடாச் சாப்பிடணும், ஓர்வில். என்னைப் பத்தி ரெண்டு பொய்யாவது சொல்லணும்."

"உன்னைப் பத்திப் பேசப் பொய் எதுக்கு?"

"பாத்தியா, நீயே ஆரம்பிச்சிட்ட," என்று சிரித்தாள். அந்தத் தளத்தில் இருந்த நர்சுகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. இரண்டு நாளில் போய்விட்டாள்.

மறுநாள் காலை கேண்டஸ் அம்மையார் ஓர்வில் வீட்டுக்கு வந்தார். கையில் அவரே செய்த சாக்லேட் கேக் துண்டுகள், பின்னால் சிகாகோ கம்பெனியிலிருந்து வந்த ட்ரெவர் ஹான்லி என்ற கனவான். ட்ரெவரின் காலணி பளபளவென்று இருந்ததிலிருந்தே அவர் இந்த ஊர் இல்லை என்று தெரிந்தது.

"உங்க துக்கத்துல நகரமே பங்கெடுத்துக்குது, ஓர்வில்," என்றார் கேண்டஸ். "பங்கெடுத்துக்கறதைச் சுலபமாக்க ஒரு திட்டமும் கொண்டு வந்திருக்கோம்."

ட்ரெவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "துக்கத்துக்கு வர்றவங்களோட முக்கியமான பிரச்சினை என்னன்னு தெரியுமா சார்?"

"போனவங்க திரும்பி வராததா?"

"இல்ல சார். கார்லேருந்து இறங்க வேண்டியிருக்கறது. குளிர்ல இறங்கணும், படி ஏறணும், யாரையாவது கட்டிப் பிடிக்கணும், என்ன பேசறதுன்னு தெரியாம முழிக்கணும். இது எதுவுமே இல்லாத ஒரு சாவை நெனச்சுப் பாருங்க."

ஓர்வில் நினைத்துப் பார்த்தார். முடியவில்லை.

திட்டத்தின் பெயர் 'இறங்காமல் இரங்கல்'. மூடிக்கிடந்த ஒரு வங்கிக் கிளையைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. காரில் இருந்தபடியே பணம் கட்டுவதற்கு அங்கே பெரிய கண்ணாடி ஜன்னல் உண்டு, டப்பாவில் போட்டால் காற்றால் உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும் குழாயும் உண்டு. ஜன்னலுக்குப் பின்னால் சவப்பெட்டியைச் சற்றே சாய்த்து வைப்பார்கள். கார் வந்து நிற்கும். ஒலிவாங்கியில் இரங்கல் சொல்லலாம். குழாய் வழியாகச் சாப்பாட்டுப் பொட்டலம் வரும். பச்சை விளக்கு எரிந்தால் துக்கம் முடிந்தது, நகரலாம்.

"நாட்டுலயே முதல் முறை," என்றார் ட்ரெவர். "அதுவும் நடுக் குடிமகனோட மனைவிக்கு. இதைவிடச் சுத்தமான சோதனை மாதிரி எங்களுக்குக் கிடைக்காது."

"லவோன் கீழ் கூடத்துல சாப்பாடு கேட்டாளே," என்றார் ஓர்வில்.

"கூடமும் உண்டு!" என்றார் கேண்டஸ் மகிழ்ச்சியோடு. "அங்கதான் பொட்டலம் கட்டப் போறாங்க. பாதிரியார்கிட்டக் கேட்டோம். மோசமில்லைன்னார். உங்களுக்கு எப்படிப் படுது?"

ஓர்வில்லுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு சொல் வந்தது. ஆனால் கேண்டஸ் இந்தக் குளிரில் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மனுஷனோ சிகாகோவிலிருந்து வண்டி ஓட்டி வந்திருக்கிறார். இரண்டு பேரும் தன் சோபாவில் உட்கார்ந்து தன் முகத்தையே பார்க்கிறார்கள். வாழ்நாளில் ஒருவரையும் அவர் ஏமாற்றத்தோடு அனுப்பியதில்லை.

"மோசமில்லை," என்றார்.

அவர்கள் போன பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சாத்தியும் அந்தச் சொல் வெளியே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

அடக்க நாளன்று வங்கிக் கிளை வாசலில் ஊரே காரில் வந்துவிட்டது. இரண்டு பக்கத் தெருக்களிலிருந்தும் கார்கள் வந்து வாசலில் சந்தித்தன. எங்கள் ஊரில் முந்திக்கொண்டு போவது அநாகரிகம். ஆகவே இந்தப் பக்கத்துக்காரர் "நீங்க போங்க" என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கத்துக்காரர் "சேச்சே, நீங்க போங்க" என்று காட்டினார். வெகுநேரம் ஒரு கார்கூட நகரவில்லை. ட்ரெவர் பூரித்துப்போனார். "எவ்வளவு கூட்டம் பாருங்க!" என்று சிகாகோவுக்குப் படம் அனுப்பினார்.

இறந்தவளின் கணவர் முதலில் போக வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் வந்தவர்களை நிற்க வைத்துவிட்டுத் தான் முன்னால் போவது எப்படி என்று ஓர்வில் ஒவ்வொரு காருக்காக ஒதுங்கி வழிவிட்டார். விளைவாகத் தன் மனைவியின் சாவுக்குக் கடைசி ஆளாக நின்றார். ஜன்னலைத் தாண்டிப் போனவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் கிளம்புவது மரியாதையில்லை அல்லவா? எல்லோரும் அருகிலேயே காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓர்வில்லுக்கு முன்னால் டுவெய்ன் ஸ்லோட்டின் லாரி. அவர் பக்கத்தில் அவருடைய நாய் வால்டர், இருக்கை வாரெல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கியை ஏதோ பர்கர் கடையிலிருந்து வாங்கியிருந்தார்கள். அதன் பழைய பழக்கம் போகவில்லை.

"வணக்கம்! இரங்கல் சின்னதா, பெரிசா?"

டுவெய்ன் தொப்பியைக் கழற்றினார். "லவோன், எங்கம்மா போன அன்னிக்கு நீ அந்தத் தட்டை என் கையில குடுத்துட்டு..."

"உருளைக்கிழங்கும் சேத்துக்கலாமா?"

"சரி, சேத்துக்கங்க. லவோன், அன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொன்னே..."

பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி! உங்க அனுபவம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

குழாயில் சர்ரென்று டப்பா வந்தது. வங்கிக் காலத்தில் காரில் வரும் நாய்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கட் ஒன்று எப்படியோ அதில் விழுந்திருந்தது. வால்டர் அதை ஒரே வாயில் முடித்துவிட்டு உற்சாகமாகக் குரைத்தது.

"வால்டருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு," என்றார் டுவெய்ன் உடைந்த குரலில்.

"மிக்க நன்றி, வால்டர்!" என்றது ஒலிபெருக்கி.

அடுத்து ஓர்வில். காரை முன்னால் நகர்த்தி நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் லவோன் நீல உடுப்பில் படுத்திருந்தாள். யாரோ அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அது இல்லாமல் அவளுக்குக் கை நீட்டினால் கை தெரியாது. இத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள், ஒருவரையும் அவள் பார்த்திருக்க மாட்டாளே என்று நினைத்துக்கொண்டார்.

டப்பா வந்தது. திறந்தார். காகிதக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். சில்லிட்டுக் கிடந்தது. மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு துணுக்குக்கூட இல்லை.

பச்சை விளக்கு எரிந்தது. "உங்க அனுபவம் எப்படி இருந்துச்சு?"

ஓர்வில் எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்தார். கீழே இறங்கினார்.

கண்ணாடிகளுக்குப் பின்னால் ஊர் மூச்சை இழுத்துப் பிடித்தது. ட்ரெவர் ஓடி வந்தார். "சார், சார், இறங்கக் கூடாது! இறங்காம இருக்கறதுதான் சார் திட்டமே!"

ஓர்வில் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். "நல்லாயில்லை," என்றார்.

அந்தச் சொல் ஒலிபெருக்கி வழியாக ஊரெல்லாம் கேட்டது. கேண்டஸ் கையைப் பிசைந்தார். "அதாவது, மோசமில்லைன்னு சொல்ல வர்றார்..."

"இல்ல கேண்டஸ். மோசம். உருளைக்கிழங்கு ஆறிப்போச்சு. மேல ஒண்ணும் தூவலை. என் பொண்டாட்டி கண்ணாடி போடாம படுத்திருக்கா. எல்லாருக்கும் ஆக்கிப் போட்டவளை ஜன்னல்ல வச்சு வேடிக்கை காட்டறீங்க. எனக்குப் பிடிக்கலை. அன்னிக்கே பிடிக்கலை."

முதலில் மார்லிஸ் ஹூக்ஸ்ட்ராவின் கார்க் கதவு திறந்தது. லவோனோடு சமையலறையில் நின்றவள். நேரே போய்ப் பின்பெட்டியைத் திறந்தாள். உள்ளே போர்வையில் சுற்றிய பெரிய தட்டுகள். மூடியை எடுத்ததும் ஆவி பறந்தது.

"தேவைப்படாதுன்னாங்க," என்றாள். "இருந்தாலும் சுட்டுட்டேன்."

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கிழவர்கள், பிள்ளை தூக்கிய தாய்மார்கள், பாதிரியார் எல்லோரும் இறங்கினார்கள். யாரோ உள்ளே போய் லவோனுக்கு மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். குளிரில் தட்டை ஏந்திக்கொண்டு வட்டமாக நின்று சாப்பிட்டார்கள்.

"கார்ன்ஃப்ளேக்ஸ் போதுமா பாரு, ஓர்வில்," என்றாள் மார்லிஸ். "என் கை இறுக்கம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாளே."

"போதும்," என்றார் ஓர்வில். "ரொம்ப நல்லாயிருக்கு."

"லவோன் மாதிரி சாதுவைப் பாக்க முடியாது," என்றார் டுவெய்ன் வாயில் உருளைக்கிழங்கோடு. "அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓர்வில்லும் சிரித்தார், கண்ணீர் வழிய. லாரிக்குள் வால்டர் மட்டும் இருக்கை வாரோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் வாசகர்களுக்கு மனது நிறையும். ஆனால் நகராட்சி வேலை அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

இரண்டு வாரம் கழித்து நகர மன்றத்தில் சோதனையின் முடிவை அறிவிக்கக் கூட்டம் போட்டார்கள். ட்ரெவர் மறுபடி சிகாகோவிலிருந்து வந்தார். கை நிறைய டோனட் வாங்கி வந்தார். எல்லோருக்கும் ஒன்று கொடுத்து, பெயர் கேட்டு, கை குலுக்கினார். நல்ல மனிதர்.

"காரை விட்டு இறங்கினவங்க சேவையை முழுசா அனுபவிக்கலை," என்று விளக்கினார். "பாதியில எழுந்து போனவர்கிட்டப் போய்ச் சினிமா எப்படின்னு கேக்க முடியாது இல்லையா? அதனால அவங்களைக் கணக்கிலேருந்து எடுத்துட்டோம். கடைசிவரைக்கும் கார்ல இருந்தவர் ஒருத்தர். அவர் கருத்து ஒலிப்பதிவுல தெளிவா இருக்கு. திரு. வால்டர் ஸ்லோட். ரொம்பப் பிடிச்சிருக்குன்னார். ஆக, நூத்துக்கு நூறு!"

கேண்டஸ் கைதட்டினார். மன்றத்தில் ஒரு சின்ன இருமல் கேட்டது.

"அடுத்த மாசம் நாடு பூரா ஆரம்பிக்கறோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஓர்வில் எழுந்தார். "வால்டர் நாய்," என்றார்.

ட்ரெவரின் முகம் மெல்ல வாடியது. கையில் டோனட் பெட்டியோடு சபையைப் பார்த்தார். "அப்படியா?"

மன்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. தட்டேந்திக் குளிரில் நின்றவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். எல்லோரும் டோனட்டைப் பார்த்தார்கள். மார்லிஸ் மேஜை விரிப்பின் பூவேலையை ஆராய்ந்தாள். பாவம், அந்த மனுஷன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இத்தனை பேருக்கு முன்னால் அவரை எப்படித் தலைகுனிய வைப்பது?

கடைசியில் எல்லாக் கண்களும் டுவெய்ன் மேல் போய் நின்றன. வால்டரின் சொந்தக்காரர். அவர் சொன்னால் முடிந்தது.

டுவெய்ன் தொப்பியைச் சுழற்றினார். ஓர்வில்லைப் பார்த்தார். பிறகு ட்ரெவரின் வாடிய முகத்தைப் பார்த்தார்.

"நாய்னு ஒரேயடியாச் சொல்லிட முடியாது," என்றார். "எங்க வீட்டுல ஒருத்தன் மாதிரி."

ட்ரெவரின் முகம் மலர்ந்தது. சபையே நிம்மதியாக மூச்சு விட்டது. "மோசமில்லை" என்று யாரோ சொன்னார்கள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். நடுவில் அடங்காத காரணத்தால் ஓர்வில்லின் 'நடுக் குடிமகன்' பட்டத்தை மன்றம் அன்றே ஏகமனதாகத் திரும்பப் பெற்றது.

வாசலில் மார்லிஸ் அவரைப் பிடித்து நிறுத்தினாள். "நீ சொன்னதுதான் சரி, ஓர்வில். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மார்லிஸ் சொல்லலை?"

"மூஞ்சிக்கு நேரே எப்படிப்பா?"

ஓர்வில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இன்று கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை ஒரு தேசமே தன் சொந்தங்களைக் கார்க் கண்ணாடி வழியாக வழியனுப்புகிறது. அதற்கு ஒப்புதல் கொடுத்த பெருமை எங்கள் பண்பட்ட நகரத்தையே சேரும். எங்கள் ஊரில் மனதில் பட்டதைப் பட்டபடி சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். இன்னொன்று நாய்.